உன்னிப்பாகக் கவனித்தவர்கள்

நம் நாட்டில் ‘உன்னிப்பாகக் கவனித்தவர்’ என்றொரு இனம் உண்டு. இளசு, கிழடு, ஆண், பெண், அதிகாரி, அலுவலர் என்று எல்லா வடிவத்திலும் கிடைக்கும். ஆனால் கலப்படமில்லாமல் பார்க்க வேண்டும் என்றால், தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய பாலிடெக்னிக் மாணவனைத்தான் பார்க்க வேண்டும். திருவண்ணாமலையில் தொண்ணூறுகளில் இந்த இனம் ஏராளம். சாண்ட்விச் கோர்ஸ் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். கொஞ்ச நாள் வகுப்பு, நடுவில் தொழிற்சாலை, மறுபடியும் வகுப்பு. பெயரைக் கேட்டுவிட்டுப் பையன் சமையல் படிக்கிறான் என்று பெண் கொடுக்கத் தயங்கியவர்கள்கூட உண்டு.

அவன் பயிற்சிக்குக் கிளம்புகிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் சென்னையில் பெரிய கார் கம்பெனி என்பான். பிறகு ராணிப்பேட்டை என்பான். அப்பா தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், அவருடைய மச்சான் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, கடைசியில் வேங்கிக்காலைத் தாண்டி வேலூர் ரோட்டில் இருக்கும் நவீன அரிசி ஆலையில் இடம் பிடித்துக் கொடுப்பார். முதல் நாள் இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ, மார்புப் பையில் இரண்டு பேனா, கையில் கால்குலேட்டர். அரிசி ஆலையில் கால்குலேட்டர் எதற்கு? அவனுக்கும் தெரியாது. மூன்றாம் நாள் ஷூ போய் ரப்பர் செருப்பு வரும். ஐந்தாம் நாளுக்குள் டீ எத்தனை மணிக்கு வரும், எந்த மூலையில் காற்று வரும், முதலாளியின் கார் எந்தப் பக்கமாகத் திரும்பும் என்ற மூன்று தொழில்நுட்பங்களையும் கற்றுவிடுவான். ஆறாம் நாளிலிருந்து ஆளையே காணோம்.

காணாமல் போனவனுக்கு ஒரு கடமை மட்டும் பாக்கி. அதுதான் பயிற்சி டயரி. நீல அட்டை போட்டது. முப்பது நாளுக்கு முப்பது பக்கம். இன்று என்ன கற்றாய் என்று அவன் எழுத வேண்டும். கீழே ஆலை சூப்பர்வைசர் தினமும் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரியிலிருந்து வழிகாட்டி ஆசிரியர் வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து, ‘திருப்தி’ என்று எழுத வேண்டும். நம் ஆள் இதைத் தினமும் எழுதிக் கையை நோகடித்துக்கொள்வானா? மாட்டான். கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு தின்ற கையோடு, மூன்று பேனாவும் ஒரு காலண்டருமாக உட்காருவான். முதல் வாரத்துக்கு நீலம், இரண்டாம் வாரத்துக்குக் கறுப்பு, மூன்றாம் வாரத்தில் மை தீர்ந்துபோகிற பேனா, நாலாம் வாரத்தில் மறுபடி நீலம், ஆனால் எழுத்து கொஞ்சம் சாய்வாக. சிரத்தையுள்ளவன் என்றால் அப்பாவின் மொபெட் செயினைத் தொட்டு, பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கறைகூட வைப்பான். பயிற்சிக் காலம் முழுவதும் அவன் உண்மையாக உழைத்தது அந்த மத்தியானம்தான்.

எழுதுவது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘இன்று பாய்லரை உன்னிப்பாகக் கவனித்தேன்.’ மறுநாள், ‘இன்று மோட்டாரை உன்னிப்பாகக் கவனித்தேன்.’ அதற்கு மறுநாள், ‘பாய்லரை மேலும் உன்னிப்பாகக் கவனித்தேன்.’ மில்லில் கவனிக்கச் சாமான் கம்மி, நாள் ஜாஸ்தி. அவன்தான் என்ன செய்வான்?

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி பாலாஜி. பேச்சில் தேன். டயரியை எடுத்துக்கொண்டு அவன் மில் சூப்பர்வைசர் தருமனிடம் போனபோது நடந்ததை அவனே பிற்பாடு சொல்லக் கேட்டிருக்கிறேன்.

“இன்னா தம்பி, முப்பது நாளும் வந்தியா?”

“வந்தேன்ணா.”

“நான் பாக்கவே இல்லியே?”

“நீங்க வந்த அன்னிக்கு நான் அந்தாண்ட இருந்தேன். நான் இந்தாண்ட வந்த அன்னிக்கு நீங்க வரல்லண்ணா.”

தருமன் யோசித்தார். தான் வராத நாட்கள் அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். முப்பது கையெழுத்தையும் போட்டுக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தார்.

அதே மில்லில் அதே முப்பது நாளும் பயிற்சிக்குப் போனவள் மணிமொழி. அடி அண்ணாமலையில் நாலு ஏக்கர் வைத்திருக்கும் சுப்பிரமணியின் மகள். இவளுக்கு ஒரு கோளாறு: நடந்ததை நடந்தபடி எழுதுவாள். ‘இன்று மோட்டார் பக்கம் போகக் கூடாது என்றார்கள். ஒதுங்கி நின்றேன்.’ ‘இன்று சூப்பர்வைசர் வரவில்லை. உமி தள்ளும் காசியம்மாளோடு சேர்ந்து உமி தள்ளினேன். பாய்லர் வாயில் சூடு எவ்வளவு என்று தெரிந்தது.’ இப்படி ஒன்பது பக்கங்களில் சூப்பர்வைசர் வரவில்லை என்று இருந்தது. அந்த ஒன்பதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தருமன் பேனாவை மூடிவிட்டார். நியாயம்தானே? தான் வரவில்லை என்று எழுதியிருக்கும் பக்கத்தில் ஒரு மனிதன் எப்படி வந்து கையெழுத்துப் போடுவான்?

அவள் தன் வழிகாட்டி ஆசிரியரிடம் போய், “சார், ஒம்போது பக்கத்துல கையெழுத்து இல்ல சார்” என்றாள். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, “பாத்துக்கலாம்மா” என்றார்.

அந்த வழிகாட்டி ஆசிரியர் நான்தான். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்; சொன்னால் நீங்கள் என்னோடு சேர்ந்து இவ்வளவு தூரம் சிரித்திருக்க மாட்டீர்கள்.

மில்லுக்கு வாரம் ஒருமுறை போக வேண்டியவன் நான். வெயில், மழை, பஸ், முட்டிவலி என்று நாலு வாரத்துக்கு நாலு காரணம் இருந்தது. இரண்டு பேருடைய டயரியும் ஆசிரியர் அறைக்கு வந்தபோது பாலாஜி, நான் எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கெல்லாம் இரண்டு டயரியிலும் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருந்தான். என்ன மரியாதை தெரிந்த பிள்ளை! ஒரு கையில் போண்டா, இன்னொரு கையில் பேனா. எட்டுக் கையெழுத்து, எட்டு ‘திருப்தி’. போண்டா ஆறுவதற்குள் முடிந்தது.

மார்ச்சில் ராணிப்பேட்டைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து, பரீட்சை வைத்து, எங்கள் கல்லூரியில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மணிமொழியை. ஜூன் இரண்டாம் தேதி டிப்ளமா தேறிய சான்றோடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் அடுத்தவருக்கு இடம். அந்த அடுத்தவர் பாலாஜி. மகள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகப் போகிறாள் என்று சுப்பிரமணி தெருவெல்லாம் சொல்லிவிட்டார். பாக்கி இருந்தது பயிற்சி வாய்மொழித் தேர்வு ஒன்றுதான்.

தேர்வாளர் ராமகிருஷ்ணன் வேலூரிலிருந்து வந்தார். எங்கள் ஊருக்குத் தேர்வாளர் வந்தால் ஒரு முறை உண்டு. பதினொன்றுக்குள் தேர்வு, பன்னிரண்டுக்குள் கோயிலில் கூட்டமில்லாமல் ஒரு தரிசனம், ஒன்றரைக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு பஸ். ஆனால் இவர் கேள்வி கேட்கிற ரகமாக இருந்துவிட்டார்.

“உமி பாய்லர்ல பிரஷர் திடீர்னு இறங்கினா இன்னா காரணம்?”

“பல காரணங்கள் இருக்கு சார்” என்றான் பாலாஜி.

“ஒண்ணு சொல்லுப்பா.”

“அதுல முக்கியமானது… ரொம்ப முக்கியமானது சார்.”

தேர்வாளர் மணிமொழி பக்கம் திரும்பினார். அவள் மளமளவென்று சொன்னாள். “உமி ஈரமா இருந்தா இறங்கிடும் சார். மழை பேஞ்ச மறுநாள் ஏழுலேர்ந்து நாலுக்கு வந்துட்டுது. காசியம்மாவும் நானும் ஈர உமிய ஒதுக்கிட்டு, அடியில இருந்த காஞ்ச உமிய வாரிப் போட்டோம். அரை மணில மறுபடியும் ஏழு வந்துட்டுது.”

“அருமை” என்றார் அவர், என் காதுக்கு மட்டும். எனக்கு அப்படி ஒரு பெருமை! ஏதோ நான் சொல்லிக் கொடுத்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது அவர் இரண்டு டயரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தேதியைப் பிரித்தார். கார்த்திகை தீபம்.

தீபத்தன்று எங்கள் ஊருக்குள் பஸ் வராது, லாரி வராது, தலைகளைத் தவிர வேறொன்றும் நகராது. ஆனால் அது உள்ளூர் விடுமுறை. பாலாஜி வைத்துக்கொண்டு எழுதிய காலண்டரில் சிவப்பு எழுத்தில் இல்லை. மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன், காலண்டரைப் பார்த்து எழுதிவிட்டான்: ‘இன்று மணிக்கு ஒருமுறை பாய்லர் பிரஷர் பார்த்தேன். ஏழு. உன்னிப்பாகக் கவனித்தேன்.’ மணிமொழி எழுதியிருந்தது: ‘இன்று தீபம். மில் பூட்டியிருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. காவலாளிகூட இல்லை.’

“அன்னிக்கு நான் குடும்பத்தோட இந்த ஊர்லதாம்பா இருந்தேன். பஸ்ஸ வெளியவே நிறுத்திட்டான். மூணு மைல் நடந்தேன். அன்னிக்கு ஊர்ல மலைமேல மட்டுந்தான் நெருப்பு எரிஞ்சுதுன்னு நெனச்சேன். உங்க மில்லுலயும் எரிஞ்சுதா?”

“மெதுவாத்தான் சார் எரிஞ்சுது” என்றான் பாலாஜி.

தேர்வாளர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். “அது கெடக்கட்டும். சார், நீங்க அன்னிக்கு விசிட் போயிருக்கீங்க. ஓடற மில்லப் பாத்து இவன் டயரில திருப்தி. பூட்டின மில்லப் பாத்து இந்தப் பொண்ணு டயரிலயும் திருப்தி. எப்படிங்க?”

மணிமொழி என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் போகவே இல்லை, மில் பூட்டியிருந்தது, இந்தப் பெண் எழுதியதுதான் சரி என்று ஒரு வரி. வாய் திறந்தபோது வந்தது வேறு. “பூட்டற நேரத்துக்குப் போனேன் சார். ரெண்டு பேர் சொல்றதும் ஒரு விதத்துல சரிதான்.”

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தரிசனத்துக்கு அழைத்துப் போக ஆள் காத்திருந்தார். “இந்தப் பொண்ணுக்கு இருபத்தோரு கையெழுத்துதான் இருக்குது. இருபத்துமூணு வேணும்னு விதி” என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

“நல்ல பொண்ணு சார். கொஞ்சம் பாத்து…”

“பாக்கலாம், பாக்கலாம்.”

அந்தச் சொல்லை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை நம்பினேன்.

தரிசனம் ஆயிற்று, வடை பாயசத்தோடு சாப்பாடும் ஆயிற்று. பஸ் கிளம்பி உறுமிக்கொண்டிருந்தபோது அவர் ஜன்னல் வழியாக மதிப்பெண் பட்டியலை நீட்டி, “சார், ஒங்க கையெழுத்து விட்டுப்போச்சு” என்றார். பஸ்ஸின் தகரத்தில் தாளை வைத்து, ஓடிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். தாள் என் கையில் அரை நிமிடம் இருந்திருக்கும். மேலே இருந்த எண்களைப் பார்த்தேனா? கண்டக்டர் விசில் அடித்தது நன்றாக நினைவிருக்கிறது.

மே மாதக் கடைசியில் முடிவு வந்தது. பயிற்சித் தேர்வில் பாலாஜி தொண்ணூற்றிரண்டு. மணிமொழி முப்பத்தாறு. தேறுவதற்கு நாற்பது வேண்டும்.

அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“சார், மார்க் லிஸ்ட்ல நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பாத்துட்டுதான சார் போட்டீங்க?”

பார்க்கவில்லை என்று சொன்னால் அதையே எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தால் பட்டியல் திரும்பவும் பிரிக்கப்படலாம். அவளுக்கு நாலு மதிப்பெண் கிடைக்கலாம். எனக்கு ஒரு மெமோ நிச்சயம் கிடைக்கும். சக ஆசிரியர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“பாத்துட்டுதாம்மா போட்டேன்.”

அவள் தலையை ஆட்டினாள். “அப்ப சரிங்க சார். நான்தான் பாய்லர் கேள்விக்குத் தப்பா சொல்லிட்டேன் போல” என்றாள்.

இல்லையம்மா, நீ ஒருத்திதான் சரியாகச் சொன்னாய் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் படியிறங்கிப் போனதும் செய்தித்தாளை எடுத்துப் பிரித்தேன். இத்தனை வருஷத்தில் நான் வெட்கப்பட்டது பல உண்டு. நினைத்தால் சோறு இறங்காமல் போவது இது ஒன்றுதான்.

ஜூன் இரண்டாம் தேதி ராணிப்பேட்டை கம்பெனி பஸ்ஸில் பாலாஜி ஏறினான். நன்றாகவே இருக்கிறான். இப்போது அங்கே பயிற்சிக்கு வருகிற மாணவர்களின் டயரியில் கையெழுத்துப் போடுவது அவன்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று விநாடிக்கு மேல் ஆவதில்லையாம். மணிமொழி நவம்பரில் மறுபடி எழுதித் தேறி, ஆரணியில் ஒரு மில்லில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. நேரில் போய் விசாரிக்கவில்லை.

என்னைத் திட்டி முடித்தாயிற்றா? திட்டுங்கள், தகும். ஆனால் இந்த இனத்தில் ஒரு விசேஷம் உண்டு: தான் இதில் சேர்ந்தவர் என்று யாருக்கும் கடைசிவரை தெரியாது. நீங்கள் அப்படியில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் போன மாதம் ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற இடத்தில் போட்டீர்களே, கணக்கில் எவ்வளவு?