நீக்கப்பட்ட சொற்கள் பதிவேடு

மக்களாட்சியைத் தாங்கி நிற்பவை இரண்டு. ஒன்று, மக்கள் கேட்கும் கேள்வி. மற்றொன்று, அந்தக் கேள்வி வேட்பாளர் காதில் விழுவதற்குள் அதைத் திருத்தி, துடைத்து, பவுடர் போட்டு அனுப்பும் குழு. முதலாவதைப் பற்றி ஊர் உலகமே பேசுகிறது. இரண்டாவதைப் பற்றிப் பேசத்தான் நாதி இல்லை. ‘வினாச் செம்மைக் குழு’வின் உறுப்பினர்-செயலர் என்ற முறையில் அந்தக் குறையை நானே போக்குகிறேன்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தபோது எங்கள் நகரமன்றத்தில் ‘இளைஞர் கேட்கிறார்’ என்ற கூட்டத்துக்கு ஏற்பாடானது. மூன்று வேட்பாளர்களையும் மேடையில் உட்காரவைத்து, கல்லூரிப் பிள்ளைகள் நேருக்கு நேர் கேட்கலாம். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். இந்த ‘என்ன வேண்டுமானாலும்’தான் பல பெரியவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. உடனே மூவர் குழு போட்டார்கள். தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உறுப்பினர், மைக்செட் கடைக்காரர்; மைக் அவருடையது என்பதால் அவரைத் தவிர்க்க முடியவில்லை. செயலர், அடியேன். நகராட்சி அலுவலகத்தில் விளக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர். பத்தொன்பது வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. மெமோ வாங்க வேண்டுமென்றால் ஏதாவது செய்திருக்க வேண்டும் அல்லவா?

குழு என் அறையில்தான் கூடியது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு மேசை விசிறி. விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் அதன் காற்று வயிற்றில்தான் அடிக்கும். அடியில் சில கோப்புகளை அடுக்கி உயர்த்திய பிறகு நேராக முகத்தில் அடிக்கிறது. அரசுக்குச் செலவே வைக்காமல் நான் செய்த சீர்திருத்தம் அது.

பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் விழுந்திருந்தன. தலைமையாசிரியர் முதல் சீட்டைப் பிரித்துப் படித்தார். “அஞ்சு வருஷத்துல உங்க சொத்து எப்படி ஏழு மடங்கு ஆச்சு?”

“பையன் கணக்குல கெட்டிக்காரன்,” என்றார் மைக்செட்காரர்.

“கணக்கு சரி, தொனி சரியில்ல,” என்றார் தலைமையாசிரியர். ஒரு டீ குடித்துவிட்டு, ‘தங்கள் வளர்ச்சியின் இரகசியம் என்ன?’ என்று செம்மைப்படுத்தினோம். கேள்வியும் செத்துப்போகவில்லை, கேட்கப்படுபவரும் பிழைத்துக்கொண்டார்.

அடுத்த சீட்டை ஒரு பெண் எழுதியிருந்தாள். “படிப்பு முடிச்சு நாலு வருஷமா வேலை இல்லாம உட்கார்ந்திருக்கேன். நீங்க என்ன செய்வீங்க?” இதில் தன்வரலாறு அதிகம். அதைக் கழித்தோம். மீதி இருந்ததற்குக் கொஞ்சம் சதை போட்டதும், ‘ஓய்வு நேரத்தில் தாங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று வந்தது.

“இதுக்கு மூணு பேரும் நல்லா பதில் சொல்லுவாங்க,” என்று மைக்செட்காரர் மகிழ்ந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். நாம் பாட்டுக்கு அடித்துத் தள்ளிவிட்டு, நாளைக்கு எவனாவது வந்து கேட்டால்? ஆகவே ‘நீக்கப்பட்ட சொற்கள் பதிவேடு’ ஒன்றைத் திறந்தேன். சீட்டு எண், நீக்கப்பட்ட சொல், காரணம், நீக்கியவர் என்று நான்கு பத்திகள். சிவப்பு மையில் கோடு, பச்சை மையில் என் கையெழுத்து. வேட்பாளர்களின் மன நிம்மதிக்காக, செம்மையான கேள்விகளை அவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தோம். வெளிப்படைத்தன்மை என்றால் இதுதான்.

எண்பத்தேழாவது சீட்டு வந்தபோது தலைமையாசிரியர் மாத்திரை வாங்கப் போயிருந்தார். மைக்செட்காரர் வாசலில் போனில் இருந்தார். சீட்டிலிருந்த கையெழுத்து எனக்குப் பழக்கமானது. அதன் முதல் ‘அ’வைக் கையைப் பிடித்து எழுதவைத்தவனே நான்தான். என் மகள் எழுதியிருந்தாள்.

‘எங்கள் கல்லூரி வாசல் சிக்னல் மூன்று வருஷமாக எரியவில்லை. போன மாதம் என் தோழிக்கு அங்கே தண்ணீர் லாரி மோதிக் கால் முறிந்தது. புது சிக்னலுக்கான கோப்பில் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. போட வேண்டியவர் பெயர் இன்னார். நீங்கள் ஜெயித்தால் அவரைக் கையெழுத்துப் போடவைப்பீர்களா?’

‘இன்னார்’ என்ற இடத்தில் அந்த ஆளின் பெயரையே எழுதியிருந்தாள். தனிநபர் பெயர் வரக்கூடாது என்பது எங்கள் விதி. ஆகவே இங்கும் நான் எழுதவில்லை. குழுவின் சார்பில் நானே முடிவெடுத்தேன். ஒருமனதாக. பெயரை அடித்தேன், பதிவேட்டில் ஏற்றினேன், கையெழுத்துப் போட்டேன். பிறகு கேள்வியை ‘ஒளிமயமான எதிர்காலம் பற்றித் தங்கள் கருத்து?’ என்று செம்மைப்படுத்தினேன்.

அன்று சாப்பிடும்போது மகள் கேட்டாள். “அப்பா, அந்த சிக்னல் ஃபைல் இப்ப எங்க இருக்கு?”

“பரிசீலனையில இருக்கும்மா.”

“பரிசீலனைன்னா எந்த மேசை?”

“உனக்குப் புரியாது. விளக்கு எங்க பிரிவு. கம்பம் ரோடு பிரிவு. ரெண்டுக்கும் நடுவுல போற ஒயர் யாரோடதுன்னு இன்னும் முடிவாகல. அதுக்குள்ள கையெழுத்துப் போடுறது அவசரக்குடுக்கை வேலை.”

“அவ காலுல ரெண்டு பிளேட் வச்சிருக்காங்கப்பா. பரீட்சை எழுதல. நான் தினமும் அதே எடத்துலதான் கையைக் காட்டிக்கிட்டே குறுக்க ஓடுறேன்.”

என் மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏங்க, அந்த ஒயரு யாரோடதா வேணா இருந்துட்டுப் போகட்டும். புள்ள நம்மளோடது.”

குடும்பத்தில் நிர்வாக அறிவு இல்லாவிட்டால் இப்படித்தான். பேச்சை மாற்றுவதற்காகப் பதிவேட்டைப் பற்றிப் பெருமையாக விளக்கினேன். எதை அடித்தாலும் யார் அடித்தார்கள் என்பதுவரை அதில் இருக்கும் என்றேன். மகள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். போன மாதம் நான் மூக்குக்கண்ணாடியை மறந்தபோது அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். அப்போதும் இப்படித்தான், என் மேசை விசிறியையும் அதன் அடியிலிருந்த கோப்புகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், காற்று வாங்குகிறாள் என்று நினைத்தேன்.

கூட்டத்தன்று நகரமன்றம் நிரம்பி வழிந்தது. மேடையில் மூன்று நாற்காலிகள். முதலாவதில் இப்போதைய சட்டமன்ற உறுப்பினர் ‘அண்ணன்’. இரண்டாவதில் ‘டாக்டர்’, எதற்கு டாக்டர் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. மூன்றாவதில் ‘புதுமுகம்’, நான்கு தேர்தலாக அவர் புதுமுகம்தான். மேடை ஓரத்தில் தலைமையாசிரியர், பக்கத்தில் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு நான்.

கேள்விகள் தேன் போல வழிந்தன. பதில்கள் அதற்கு மேல். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்றதற்கு, மூவருமே ஓய்வு என்றால் என்னவென்று தெரியாது என்றார்கள். கேள்வி எழுதிய பெண் தனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லி உட்கார்ந்தாள்.

எண்பத்தேழாம் சீட்டுக்கு என் மகள் எழுந்தாள். பக்கத்து நாற்காலியில் ஊன்றுகோலோடு அவள் தோழி. பஸ்ஸில் எப்போதும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதால் அவளுக்கு ‘ஜன்னல்’ என்று பெயர். மகள் குழு கொடுத்த தாளைப் பார்த்து, “ஒளிமயமான எதிர்காலம் பற்றித் தங்கள் கருத்து?” என்று படித்தாள்.

“ஒளிங்கிறது வெளிய இல்லம்மா, உள்ள இருக்கு,” என்றார் அண்ணன்.

“இருட்டு இருந்தாத்தான் ஒளிக்கு மதிப்பு,” என்றார் டாக்டர்.

“நானே ஒளிதான்,” என்றார் புதுமுகம்.

கைதட்டல் அடங்கியது. மகள் உட்காரவில்லை. “நான் எழுதிக் கொடுத்தது இது இல்லைங்க,” என்றாள். சிக்னல், லாரி, ஜன்னலின் கால், கோப்பு, பாக்கி நிற்கும் கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

டாக்டர்தான் முதலில் சுதாரித்தார். “அந்த ஆபீசர் யாருன்னு பேரைச் சொல்லும்மா. ஜெயிச்ச மறுநாளே அவர் மேசை முன்னாடி போய் நிக்கிறேன்.”

“மறுநாள் என்ன மறுநாள், அன்னைக்கு சாயங்காலமே நிப்பேன்,” என்றார் அண்ணன்.

“நான் இப்பவே போயிருப்பேன். ஆபீஸ் பூட்டியிருக்கு,” என்றார் புதுமுகம்.

“பேரு யாரு? பேரைச் சொல்லுங்க,” என்று பின்வரிசையில் பிள்ளைகள் கத்தினார்கள்.

மகள் என்னைப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பில் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோது பார்த்த அதே பார்வை. “என் வாயால அந்தப் பேரைச் சொல்ல முடியலைங்க. எழுதித்தான் குடுத்தேன். குழு அடிச்சிருச்சு. ஆனா அடிச்சதுக்கெல்லாம் பதிவேடு இருக்குன்னு கேள்விப்பட்டேன்.”

தலைமையாசிரியர் நாற்பது வருடம் வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்தவர். பதிவேடு என்றதும் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. “இருக்கும்மா. எங்க செயலர் ஒரு சொல்லைக்கூட விட்டதில்ல. சார், எண்பத்தேழாம் எண்ணைப் படிங்க.”

“சார், விதிப்படி...” என்றேன்.

“விதிப்படிதான் பதிஞ்சிருக்கீங்க. படிங்க.”

மைக்செட்காரர் ஓடி வந்து என் வாய்க்கு நேராக மைக்கை வைத்தார். சத்தத்தையும் கூட்டிவைத்தார். பத்தொன்பது வருட சர்வீஸில் எந்தக் காகிதமும் என்னிடம் இத்தனை சீக்கிரம் நகர்ந்ததில்லை.

“சீட்டு எண் எண்பத்தேழு,” என்று படித்தேன். “காரணம், தனிநபர் பெயர்.”

“நீக்கப்பட்ட சொல்?”

படித்தேன். இனிஷியலோடு.

“நீக்கியவர்?”

அதையும் படித்தேன். முன்பு படித்த அதே பெயர். பச்சை மையில்.

மேடையில் மூன்று வேட்பாளர்களும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள். மகள் மைக்கை இன்னும் கீழே வைக்கவில்லை. “அப்பா,” என்றாள், மன்றம் முழுக்கக் கேட்டது. “நாளைக்கு எட்டரைக்கு எனக்குக் காலேஜ். நான் அந்த வழியாத்தான் போகணும்.”

உறுப்பினர்-செயலர் என்ற முறையில் சொல்கிறேன். எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும், அவள் சொன்னதில் அடிப்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.