தீர்க்கதரிசி வரும்வரை பந்தி இல்லை

வேதாகமத்தை அரைகுறையாகப் படிப்பவரால் ஊருக்குப் பெரிய ஆபத்தில்லை. அரைகுறையாகப் படித்துவிட்டு, அதை உடனே செயல்படுத்தக் கிளம்புபவரால்தான் ஆபத்து. இருபத்தாறு வயதில் நான் இரண்டாம் ரகம்.

என் தங்கை எஸ்தருக்கு அன்று நிச்சயதார்த்தம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் தளவானூரிலிருந்து வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். பந்திப் பொறுப்பு என்னுடையது (நானாகக் கேட்டு வாங்கியது).

அந்த வாரம்தான் ஒரு வசனம் படித்திருந்தேன். தீர்க்கதரிசி வந்து ஆசீர்வதிக்கும்வரை ஊர்ஜனங்கள் விருந்தில் கை வைக்க மாட்டார்கள் என்று அதில் இருந்தது. ஆன்மிகத் தலைமை என்றால் இதுதான் என்று முடிவுகட்டி, டைரியில் சிவப்பு மையால் எழுதி, பிரியாணி அண்டாவுக்கு முன்னால் காவல் நின்றேன்.

மணி 1.10. பாஸ்டர் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

மணி 1.40. மாப்பிள்ளையின் அப்பா நேராக என்னிடம் வந்தார்.

“இன்னா தம்பி, சோறு போடுவீங்களா மாட்டீங்களா?”

“பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணணும் மாமா. அவரு வர்ற வரைக்கும் ஜனங்க சாப்பிட மாட்டாங்கன்னு வேதத்திலேயே இருக்குது.”

“அந்த ஜனங்களுக்கு சுகர் இருந்துச்சா? நான் மாத்திரை போட்டு முக்கா மணி நேரம் ஆவுது.”

(டைரியைப் புரட்டினேன். சுகரைப் பற்றி எழுதியிருக்கவில்லை.)

மணி 2.05. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. சுகர் இறங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். அவருடைய தங்கை எழுந்து கத்தினார்: “சம்பந்தமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். டிரைவர், வண்டிய எடு!”

பட்டுப்புடவையோடு எஸ்தர் உள்ளிருந்து ஓடி வந்தாள். ஒரு லட்டை எடுத்தாள். “ஆண்டவரே ஸ்தோத்திரம் ஆமென்” என்று ஒரே மூச்சில் சொல்லி, லட்டை மாமனாரின் வாயில் திணித்தாள்.

“எஸ்தர், பாஸ்டர் இல்லாம...” என்று இழுத்தேன்.

“பாஸ்டரை யாரு கூட்டிட்டு வரணும்?”

என் கையிலிருந்த டைரியைப் பிடுங்கி அவளே சத்தமாகப் படித்தாள்: “வல்லத்தில் ஆராதனை முடிந்ததும், பன்னிரண்டு மணிக்கு பாஸ்டரை பைக்கில் அழைத்து வருதல். பொறுப்பு, நான்.” பக்கத்தில் டிக் வேறு இருந்தது. ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாலே டிக் அடித்துவிடுவது என் வழக்கம். பாஸ்டரிடம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். போகத்தான் இல்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு வல்லம் போய்ச் சேர்ந்தபோது பாஸ்டர் டீக்கடை பெஞ்சில் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னேன், வசனம் உட்பட.

“அதுக்குமேல பத்து வசனம் படிச்சியா தம்பி?”

“இல்லைங்க ஐயா.”

“காணாமப்போன கழுதையைத் தேடி, பையில ரொட்டிகூட இல்லாம ஒருத்தன் அங்க வர்றான். அந்தத் தீர்க்கதரிசி அவனுக்குன்னு முன்கூட்டியே தொடைக்கறி எடுத்து வைக்கச் சொல்லியிருக்காரு. ஆசீர்வாதம் பண்றவருக்கு முதல்ல அடுத்தவன் பசி தெரியணும். நீ இன்னாடான்னா பசிச்சவனையே பட்டினி போட்டிருக்கிற. சரி, வண்டிய எடு. கறி மிச்சம் இருக்குமா?”

கறி மிச்சமில்லை. ஆனால் வேன் கிளம்பவில்லை. லட்டுக்குப் பிறகு இரண்டு தட்டு பிரியாணியும் சாப்பிட்டிருந்த மாமா, “இந்தப் பொண்ணு போதும், அண்ணன்காரன் எப்படி இருந்தா நமக்கின்னா?” என்று சொல்லிவிட்டாராம். மூன்று மணி நிச்சயம் நாலரைக்கு நடந்தது.

மாமாவுக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. வேறு யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகிறவர், எங்கள் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் சட்டைப்பையில் பிஸ்கெட் பாக்கெட்டோடு வருகிறார். பந்திக்கு முன் நான் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கியதும் அந்தக் காகிதம் சரசரவென்று பிரியும் சத்தம் கேட்கும். இதுவரை ஒரு ஜெபத்தையும் என்னால் சிரிக்காமல் ஆமென் வரை கொண்டுபோக முடிந்ததில்லை.