இனிஷியல் போட்ட செம்பியன்

“எல்லாப் பேருக்கும் முன்னாடி அப்பா இனிஷியல் வரணும் செம்பியா. சாயங்காலத்துக்குள்ள புரோகிராம் ஓடலன்னா நாளைக்கு ஒனக்கு இங்க வேலை இல்ல” என்று சொல்லிவிட்டு முதலாளி ஆரோக்கியராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சென்னை மேன்ஷனை விட்டு வந்து, மஞ்சக்குப்பத்தில் வீட்டுச் சாப்பாட்டோடு கிடைத்த வேலை. அதை விடச் செம்பியனுக்கு மனசில்லை.

சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றின் ஹால் டிக்கெட்டுக்கான புரோகிராம் அது. ஆபீஸில் பயன்படுத்திய லைப்ரரியில், அதாவது யாரோ எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பில், ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாக எத்தனையோ மெத்தட் ரெடிமேடாக இருந்தும், நம்மூர் இனிஷியல் போடத் தெரிந்தது ஒன்றுமில்லை. தானே ஒன்றை எழுதிச் சேர்த்தான். அதன் அடியில் சிவப்புக் கோடு விழுந்தது: ‘இப்படி ஒரு மெத்தட் இந்த லைப்ரரியில் கிடையாது.’

அந்த நேரம் பார்த்து, இஸ்திரி கலையாத சட்டையில் ஒருவர் வந்து நின்றார். “ஆரோக்கியராஜ் சாரைப் பாக்கணும். சிதம்பரத்துலேர்ந்து வரேன்.”

கல்லூரிக்காரர்! செம்பியன் பதறி நாற்காலியை இழுத்துப் போட்டான். “ஒக்காருங்க சார். வேலை முடிஞ்ச மாதிரிதான்.”

“அது என்ன சார் செவப்பா?”

“நாம புதுசா சேத்தது மெஷினுக்குத் தெரியல சார். அதுக்குள்ள போறது எழுத்தா நம்பரான்னு டைப் எழுதிக் குடுத்தா அடங்கிடும்.”

தனி ஃபைலில் மெத்தட்டின் பெயரையும் டைப்பையும் எழுதினான். பழைய லைப்ரரியையும் சேர்த்துக்கொள் என்று மேலே இம்போர்ட் வரி போட மறந்துவிட்டான். இந்த ஒற்றை மெத்தட்தான் மொத்த லைப்ரரியுமே என்று மெஷின் நம்பிவிட, மற்ற ஃபைல்களெல்லாம் குங்குமம் கொட்டினாற்போல் சிவந்தன.

“ஜாஸ்தியாயிடுச்சே சார்!”

“ஒண்ணும் இல்ல, பாருங்க.” எல்லா டைப்பையும் ‘எதுவானாலும் சரி’ என்று மாற்றினான். சிவப்பு மறைந்தது. ஓட்டினான். திரை வெள்ளையாகி அப்படியே நின்றது.

“இதுக்கு அந்தச் செவப்பே தேவலாம் போலருக்கே?”

செம்பியன் தலையில் கை வைத்தான். சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. “கரெக்ட் சார்! கச்சேரிக்கு ஆள் வராருன்னு நோட்டீஸ் ஒட்டிட்டேன். ஆளை மேடை ஏத்தல.”

மெத்தட்டை லைப்ரரியோடு சேர்க்கும் வரி, அதைக் கூப்பிடும் வரிக்கும் பின்னால் கடைசியில் கிடந்தது. அதைத் தூக்கி முதலில் போட்டான். இம்போர்ட் சேர்த்தான். ‘எதுவானாலும் சரி’யை ஒவ்வொன்றாய்க் களைந்தான். ஓட்டினான்.

சு. புஷ்பவள்ளி. ப. இளமதி. டிக்கெட்டுகள் வரிசையாக வந்து விழுந்தன.

“உங்க காலேஜுக்குத் திருப்திதானே சார்?”

வந்தவர் எழுந்து கும்பிட்டார். “நான் காலேஜ் இல்ல சார், உங்க வேலைக்குத்தான் உங்க முதலாளி என்னை இன்டர்வியூக்குக் கூப்புட்டிருந்தாரு, இதெல்லாம் நமக்கு ஆவாது, அடுத்த பஸ்ஸுல இந்த இளவரசு ஊருக்கே போயிட்டான்னு அவருகிட்ட சொல்லிடுங்க.”