வளைவுக்குக் கேட்ட வாக்கு

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை வாசலில் ஒரு வளைவு. அதில் கொட்டை எழுத்தில் என் அப்பாவின் பெயர். அதைக் கட்டுவதற்காகவே பிரதேச சபை உறுப்பினராவது என்று முடிவெடுத்தேன். விசுவமடுவில் ஆளுக்கொரு வளைவு வைத்திருக்கும்போது, இந்தப் பாலன் மட்டும் வளைவில்லாமல் எப்படி நிமிர்ந்து நடப்பது?

மனைவி சிவனேஸ்வரிக்கு வளைவு பிடிக்கவில்லை.

“மாரிக்கு ஒழுங்கைக்குள்ள முழங்காலளவு வெள்ளம். முதல்ல ஒரு மதகு போடுவிக்கப் பாருங்கோ.”

“மதகில ஆர் பேர் பாக்கிறது? எல்லாரும் மிதிச்சுக்கொண்டெல்லோ போவினம்.”

“அப்ப வளைவுக்குக் கீழால வள்ளம் விடப்போறியளோ?”

இவளுக்கு அரசியல் விளங்காது என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

எங்கள் சுயேச்சைக் குழுத் தலைவர் யோகலிங்கம் அண்ணை ஒரு சிக்கலோடு வந்தார். வட்டாரத்தில் போட்டியிடும் என்னைப் போன்றவர்கள் போதாதாம். மேலதிகப் பட்டியல் என்று இன்னொன்றும் வேண்டுமாம். அதில் பெண்கள் கட்டாயமாம். ஆள் தட்டுப்பாடு. மேலதிகம் என்றால் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிற அப்பளம்தானே என்று எண்ணி, “என்ர மனிசி இருக்கிறா” என்றேன்.

“என்ர பேர் என்னத்துக்கு?” என்றாள் சிவனேஸ்வரி.

“சும்மா ஒப்புக்கு. ஒரு கையெழுத்துத்தான்.”

“அண்ணையோட கதைச்சுப்போட்டுத்தான் வைப்பன்.”

கதைத்தாள். நான் குசினிக்குள் போய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வருவதற்குள் கையெழுத்தும் வைத்துவிட்டாள்.

அதன்பிறகுதான் எனக்கு ஒன்றும் விளங்காமல் போனது. வளைவே வேண்டாம் என்றவள், எனக்காக வீடு வீடாக வாக்குக் கேட்கப் புறப்பட்டாள். நான் ஐந்து வீட்டு நாயிடம் கடிபட்டு வருவதற்குள் அவள் ஐம்பது வீட்டை முடித்துவிடுவாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒருநாள் பக்கத்து வளவு ராக்காயியிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது.

“இவருக்குப் போடுங்கோ அக்கா. தோத்தாலும் பரவாயில்லை.”

“தோக்குற ஆளுக்கு எதுக்குங்கம்மா போடணும்?”

“போடுங்கோவன். ஒரு வாக்கும் வீணாப்போகாது.”

எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“என்னப்பா இது? வேட்பாளர் உயிரோட நிக்கேக்கையே தோல்வியைப் பற்றிக் கதைக்கிறீர்!”

“உங்களுக்கு நாவூறு படாமல் இருக்கத்தான்.”

என் முகராசிக்கு அது தேவைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

முடிவு வந்தது. வட்டாரத்தில் என்னை எதிர்த்து நின்ற பிரதாபன் வென்றுவிட்டான். எனக்கு இரண்டாம் இடம். வெட்கத்தில் தலை வரை போர்த்திக்கொண்டு படுத்தேன். வாசலில் வெடிச் சத்தம். எதிரி என் படலையிலேயே வந்து வெடி கொளுத்துகிறானே என்று கொதித்தெழுந்து ஓடினால், கொளுத்துவது யோகலிங்கம் அண்ணை! பக்கத்தில் ராக்காயி மாலையோடு நிற்கிறாள். தோற்றவனுக்கும் மரியாதை செய்கிற சனம் என்று கண் கலங்கி, கழுத்தை நீட்டினேன்.

“கொஞ்சம் நகந்துக்குங்க ஐயா” என்றாள் ராக்காயி. மாலை என்னைத் தாண்டிச் சிவனேஸ்வரியின் கழுத்தில் விழுந்தது.

“அண்ணை, தோத்த வீட்டில என்ன வெடி?”

“ஆர் தோத்தது? எங்கட ஆக்களுக்கு விழுந்த வாக்கெல்லாம் கூட்டினதில குழுவுக்கு மூண்டு ஆசனம். பட்டியலில இருந்துதான் குடுக்கிறது. ஒண்டு தங்கச்சிக்கு.”

“வட்டாரத்தில நிண்டது நானெல்லோ?”

“நீர் நிண்டீர். அவா இருக்கப்போறா.”

தோற்றவனுடைய வாக்கு எப்படி வெல்லும்? அண்ணை மூன்று தரம் விளக்கினார். ஒவ்வொரு தரமும் முந்தினதைவிடக் கூடக் குழம்பினேன். சிவனேஸ்வரியை உள்ளே கூப்பிட்டேன்.

“உமக்கு இது முந்தியே தெரியுமோ?”

“ஓம். ஆசனம் வந்தால் எனக்கு, முதல் வேலை மதகு. அண்ணை அதுக்கு ஓமெண்ட பிறகுதான் கையெழுத்து வைச்சனான்.”

“நான் வெண்டிருந்தால்?”

“பிரதாபனுக்கு ஊரில பாதி சொந்தம், மிச்சம் சம்பந்தி. நீங்கள் எங்க வெல்லுறது?”

எனக்குப் பொறுக்கவில்லை. “உண்மையைச் சொல்லும். நீரும் அவனுக்குத்தானே போட்டனீர்?”

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “முருகா! கட்டின மனிசனுக்கு எதிராய்ப் போடுவனோ? உங்களுக்குத்தான் போட்டனான். உங்களுக்கு விழுந்தது முழுக்க எனக்குத்தானே வந்தது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடிய எழும்பித் தோய்ந்து, திருநீறு பூசி, நல்ல நேரம் பார்த்து, சாவடியில் முதல் ஆளாய் நின்று நான் போட்ட வாக்கும் சிவனேஸ்வரிக்குத்தான்.