சாம்பிள் ரத்தம்

"யோசிக்காத மாப்ளே. பேரு என் பேரு, ரத்தம் உன் ரத்தம். அம்புட்டுத்தான்" என்று மனைவியின் தம்பி சின்ராசைப் போடி டவுன் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் தள்ளிவிட்டார் சுருளி.

சுருளி ஏலக்காய் வியாபாரி. வலிப்பு மாத்திரை தொடங்கியதிலிருந்து வலிப்பு அண்டவில்லை. மறுபடி ஜீப்பேறி மலைத்தோட்டம் போய்வருகிறார். அந்த மாத்திரை சிலருக்கு ஈரலைத் தாக்கும், ரத்தத்தைப் பார்ப்போம், கெட்டிருந்தால் மாத்திரையை மாற்றணும் என்று டாக்டர் இப்போது சொல்லிவிட்டார். மாற்றி, வலிப்பு திரும்பினால்? மனைவி மொக்கம்மாள் அவரை மொட்டை மாடிக்குக்கூட ஏற விடமாட்டாள். மலை எங்கே?

ஏலத்துக்குச் சாம்பிள் வைக்கிறவர் கைக்கு வந்ததையா அள்ளிவைப்பார்? பச்சை மாறாத பெரிய காயாகப் பொறுக்கி வைப்பார். ரத்தத்தையும் அப்படியே பொறுக்கினார். தேவாரம் மலைப் பக்கத்துக் காட்டு யானையே பார்த்தால் ஒதுங்கி வழிவிடும் உடம்பு சின்ராசுக்கு.

ரிப்போர்ட் வந்தது. ஈரல் கணக்கு மூன்று மடங்கு எகிறியிருந்தது.

"மாப்ளே, நீ குடிப்பியா?"

"கொஞ்சமா மாமா. தெனமும்."

உண்மையைச் சொன்னால் மாப்ளே குடிப்பது அக்காவுக்குத் தெரிந்து மாட்டுவான். சொல்லாவிட்டால் மாத்திரை போகும். டாக்டரோ சிரித்துக்கொண்டே, கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார்.

மொக்கம்மாள் களத்தில் இறங்கினாள். காலையில் கீழாநெல்லி, மதியம் உப்பில்லாக் கஞ்சி, ராத்திரி சுரைக்காய். எண்ணெய்ச் சட்டி பரணேறியது. மாமனுக்குத் துணையாக நீயும் குடிடா என்று தம்பியையும் பக்கத்தில் உட்கார்த்தினாள். பொழுது சாய்ந்தால் வாசலுக்குப் பூட்டு. சுருளி இளைத்ததில் வேட்டி இடுப்பை மூன்று சுற்று சுற்றிவிட்டு, இன்னும் ஆள் எங்கே என்று தேடியது.

மறுபரிசோதனைக்குப் போன சின்ராசு, ஊசிக்குப் பயந்து, தைரியத்துக்கென்று வழியில் ஒரு பாட்டிலைக் காலி செய்தான். இந்தத் தடவை ஈரல் கணக்கை எழுத ரிப்போர்ட்டில் இடம் போதவில்லை. கீழாநெல்லி மூன்று வேளையானது.

"இனி மாத்திரைய மாத்திட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

சுருளி நாற்காலியை விட்டு எழுந்தார். "அது என் ரத்தம் இல்லீங்க சார். சாம்பிளுங்க" என்று எல்லாவற்றையும் கொட்டினார். கூட வந்திருந்த மொக்கம்மாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைக் கூடத்து ஆளை அங்கேயே வரவழைத்து, அவர் சொந்த ரத்தத்தை எடுக்கவைத்தார் டாக்டர். ஈரல் பழுதில்லை. அதே மாத்திரை, அதே ஜீப்பு.

ரிப்போர்ட்டைக் கொண்டுவந்த கூடத்துப் பெண் சுகன்யாதான் மூன்று தடவையும் ஊசி குத்தியவள். அவள் முன்னாலேயே சுருளி மனைவியிடம் குழைந்தார். "கோவிச்சுக்காத ஆத்தா. உன் தம்பியக் காட்டிக்குடுத்துட்டேன்."

சுகன்யாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நீங்க எங்கண்ணே காட்டிக்குடுத்தீங்க? அவரு கையிலயே 'அக்கா மொக்கம்மாள்'னு பச்சை குத்தியிருக்கே. மொத நாளே சீட்டுல இருந்த வீட்டு நம்பருக்குப் போன் போட்டு அக்காகிட்ட சொல்லிட்டேன். டாக்டர்கிட்டயும் அவங்களே பேசிட்டு, 'என் தம்பி குடிய விடுற வரைக்கும் அந்த மனுசனும் கூட உக்காந்து கஞ்சி குடிக்கட்டும், நீ வாயத் தொறக்காத'ன்னு அக்காதான் சொன்னாங்க."