ஆறாவது தடவை நாகார்ஜுனகொண்டா

"எல்லாம் இதுல எழுதியிருக்கேன் அண்ணே. இது கையில இருந்தா வழிகாட்ட ஒருத்தரும் வேண்டாம்" என்று கமலம் நான்கு முழுத்தாள்களை வேதாசலத்திடம் நீட்டினாள்.

வேதாசலம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மன்னார்குடிப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் உரக்கப் படித்த பிறகுதான் ஏற்றுக்கொள்வார்.

"'காலை ஆறு மணிக்கு செகந்திராபாத்தில் டூரிஸ்ட் பஸ். பத்து மணிக்கு நாகார்ஜுனசாகர். அணையைப் பார்த்தபின் லாஞ்ச் ஏறவும். கிருஷ்ணா நதியில் ஒரு மணி நேரம். நடுவில் தீவு. தீவில் மியூசியம்.' நல்லா இருக்கு. நதி எந்தத் திசையில ஓடுதுன்னு போடலையே?"

"அணையில தேங்கின தண்ணி அண்ணே. ஓடாது."

"அதையும் எழுதிடும்மா. அப்புறம் சந்தேகம் வரக் கூடாது."

கமலம் எழுதினாள்.

வேதாசலம் அவள் கணவன் ஜம்புநாதனின் அக்கா தங்கத்தின் கணவர். இருவரும் ஞாயிற்றுக்கிழமைதான் செகந்திராபாத் பக்கத்து மல்காஜ்கிரி வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார்கள். ஒரு கோடை விட்டு ஒரு கோடை ஜம்புநாதன் வீட்டு மனிதர்கள் யாராவது வருவார்கள். சார்மினார், மிருகக்காட்சிசாலை, கடைசியில் ஒரு நாள் முழுக்க நாகார்ஜுனகொண்டா. பதினோரு வருடத்தில் ஐந்து தடவை. ஐந்து தடவையும் கூட்டிக்கொண்டு போனது கமலம்தான். ஜம்புநாதன் காஞ்சன்பாக்கில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தான். "நான் ஒரு நாள் லீவு போட்டா எல்லையில ஒரு திருகாணி குறையும்" என்பான். தேச பக்தி சம்பந்தப்பட்ட விஷயமாகையால் யாரும் வற்புறுத்துவதில்லை.

இந்தத் தடவை கமலம் ஒரு திட்டம் வைத்திருந்தாள். புதன்கிழமை அவர்கள் இரண்டு பேரையும் தாள்களோடு பஸ் ஏற்றி விடுவது. ஜம்புநாதன் ஏழு மணிக்கு ஆபீஸ் பஸ்ஸில் போய்விடுவான். மகன் வாரங்கலில் ஹாஸ்டலில் இருந்தான். செகந்திராபாத்தில் தான் வேலை பார்க்கும் ரயில்வே ஆபீஸில், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று சொல்லி அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தாள். வீட்டில், ஆபீஸில் தணிக்கை, அசைய முடியாது என்று சொல்லியிருந்தாள்.

அந்த நாளில் என்ன செய்வது? ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதுதான் திட்டமே. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் தன் வீட்டில் ஒரு முழுப் பகல் தனியாக இருந்ததில்லை. மாலையில் அவள் திரும்புமுன் ஜம்புநாதன் வந்திருப்பான். ஞாயிறு என்றால் எல்லோரும் இருப்பார்கள். எந்த அறையிலிருந்தும் யாரும் 'கமலம்' என்று கூப்பிடாத எட்டு மணி நேரம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. நோய் இல்லை, கோபம் இல்லை, துக்கமும் இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஜம்புநாதன் தாள்களைப் புரட்டிப் பார்த்தான்.

"பிரமாதமா எழுதியிருக்கே. ஆனா அத்தான், லாஞ்சுக்கு டிக்கெட் எடுக்கற இடத்துல தெலுங்குதான் பேசுவாங்க. கூட்டத்துல என்ன சொல்றாங்கன்னே புரியாது. தப்பான வரிசையில நின்னீங்கன்னா அடுத்த லாஞ்ச் மத்தியானம்தான்."

தங்கம் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினாள். "ஏண்டா, தண்ணி ரொம்ப ஆழமா?"

"ஆழமெல்லாம் யாரு அளந்தா அக்கா? ஒரு பள்ளத்தாக்கே உள்ள முழுகிக் கிடக்கு."

"கமலம், நீ வந்துடேன்" என்றாள் தங்கம்.

"ஆடிட் அண்ணி" என்றாள் கமலம்.

மறுநாள் விடிந்ததும் மாடி வீட்டு சாந்தாவிடம் போனாள். சாந்தாவுக்குத் தெலுங்கு சரளம். தீவுக்கு அவள் போனதும் இல்லை. "நான் கூட்டிட்டுப் போறேன் கமலம், நீ நிம்மதியா ஆபீஸ் போ" என்றாள். கமலம் படியிறங்கி வரும்போது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கைப்பிடிச் சுவரைத் தொடாமல் இறங்கினாள்.

ஜம்புநாதன் ஆபீஸ் கிளம்பிய பத்தாவது நிமிடம் சாந்தா கீழே வந்தாள்.

"கோவிச்சுக்காதே. உங்க வீட்டுக்காரரைப் படியில பார்த்தேன். நீச்சல் தெரியுமான்னு கேட்டார். எதுக்குன்னு கேட்டேன், சும்மாதான்னார். அதுலேருந்து நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

ஜம்புநாதனுக்கு எதிலும் முன்யோசனை அதிகம் என்று கமலம் நினைத்துக்கொண்டாள். குடையோடு மழைக்கோட்டும் கொண்டு போகிறவன். வயதான அக்கா தனியாகப் போவது அவனுக்குப் பொறுக்கவில்லை. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

தாள்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்தாள். 'எங்களுக்குத் தெலுங்கு தெரியாது. தீவுக்கு இரண்டு டிக்கெட் வேண்டும்' என்பதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்தில் எழுதினாள். வேதாசலம் அதைத் தெருவில் காய்கறி விற்கிறவளிடம் சொல்லிப் பார்த்தார். அவள் இரண்டு முருங்கைக்காய் கொடுத்தாள்.

மாலை ஜம்புநாதன் பூரிப்போடு அடுப்படிக்கு வந்தான்.

"கமலம், உன் பிரச்சினை தீர்ந்தது. ஆபீஸ்லேருந்து உங்க சூப்பிரண்டு நாராயணஸ்வாமிக்குப் போன் பண்ணினேன். எப்படியாவது நாளைக்கு ஒரு நாள் இவளை விடுங்க சார்னு கேக்கலாம்னு."

கமலம் காப்பி ஆற்றுவதை நிறுத்தினாள்.

"கேக்கறதுக்கு முன்னாடியே, 'நாளைக்கு அவங்களுக்கு லீவு போட்டாச்சே'ன்னுட்டார். பாரு, எவ்வளவு பெரிய மனசு. ஆடிட் சமயத்துல, நீ வாயைத் திறந்து கேக்காமலேயே."

"ஆமாம்" என்றாள் கமலம். "நல்ல மனுஷன்."

அவன் கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். அவன் காப்பியில் சர்க்கரை போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

கடைசி முயற்சியாக இரவு அவளுக்குத் தலைவலி வந்தது. ஜம்புநாதன் தைலம் தேய்த்துவிட்டான். "இது ஆபீஸ் காகிதத்துல மூஞ்சியைப் புதைச்சு வர்ற தலைவலி. ஆத்துக் காத்து பட்டா ஓடிடும்" என்று சொல்லி, பையிலிருந்து மூன்று பஸ் டிக்கெட்டுகளை எடுத்துக் காட்டினான். விடிகாலை நான்கு மணிக்கு அவளுக்கு முன் எழுந்து, தண்ணீர்க் கேனை அவனே நிரப்பி வைத்தான். புளியோதரை கட்டிக்கொண்டிருந்தபோது கமலத்துக்குத் தன் மீதே வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்ட மனிதனிடம் தலைவலி என்று பொய் சொன்னோமே.

அடுப்படியில் பாத்திரங்கள் குவிந்து கிடக்க, பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

லாஞ்ச் கிளம்பியதும் தங்கம் கமலத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் எலும்பில் அழுந்தியது.

"கரையே காணோமே."

"பயப்படாதீங்க அண்ணி. கண்ணை மூடிக்குங்க."

"மூடினா ஆட்டம் அதிகமாத் தெரியுது. நீ பேசிக்கிட்டே இரு."

கமலம் பேசிக்கொண்டே இருந்தாள். மணி பதினொன்று. இந்நேரம் வீட்டில் இரண்டாவது காப்பி. நின்றுகொண்டு இல்லை, கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு. பன்னிரண்டு மணிக்குத் தட்டு இல்லாமல் பாத்திரத்திலேயே தயிர் சாதம். பிறகு வெறும் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்தபடி, புடவை கணுக்கால் வரை இருக்கிறதா என்று கவனிக்காமல். தண்ணீர் வெயிலில் தகடு போல் மின்னியது. எத்தனை அழகு என்று யாரோ சொன்னார்கள். இருக்கலாம். அழகைப் பார்ப்பதற்குக்கூட முதலில் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும்.

மியூசியத்தில் தாள்களுக்கு உயிர் வந்தது. வேதாசலம் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "'ஒன்று: மாயாதேவியின் கனவு.' எங்கே?"

எதிரில் இருந்தது கற்கால மனிதனின் கோடரி.

கமலத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஐந்து தடவையும் அவள் கூட்டத்தை உள்ளே அனுப்பிவிட்டு வெளிவாசலுக்குப் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்து விடுவாள். அங்கிருந்து கண்ணுக்குப் பட்டவற்றையும் வெளியே வந்தவர்கள் சொன்னவற்றையும்தான் ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தாள். பட்டியல் கடைசியிலிருந்து முன்னுக்கு வந்தது.

"கீழேயிருந்து படிச்சுட்டு வாங்க அண்ணே."

"பத்திரத்தைக் கீழேயிருந்து படிக்கற வழக்கம் உண்டா? சொத்து இருக்கற இடத்துக்குத்தான் நாம போகணும்" என்று சொல்லி, அவர் வெளிவாசலை நோக்கி நடந்து, அங்கிருந்து கூட்டத்துக்கு எதிராகப் பார்த்துக்கொண்டு வந்தார். "அட்லா காது சார்", அப்படி இல்லை என்று தெலுங்கில் சொல்லிக் காவலாளி வழிமறித்தான். வேதாசலம் தாளிலிருந்த தெலுங்கை உரக்கப் படித்தார். தீவில் நின்றுகொண்டு தீவுக்கு இரண்டு டிக்கெட் கேட்கிறவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் அவன் விலகிக்கொண்டான்.

தமிழ்க் குரலைக் கேட்டு நெய்வேலியிலிருந்து சுற்றுலா வந்த பதினெட்டுப் பேர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பழுப்பு நிலக்கரிக்காரர்கள். எல்லோரும் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள்.

"'இந்தத் தூணில் குள்ளர்கள் பூமாலை சுமக்கிறார்கள்.' டிக் பண்ணியாச்சு."

"ஏன் சார் சுமக்கறாங்க?" என்றார் ஒருவர்.

"அது இதுல இல்லையே. கமலம், ஏம்மா சுமக்கறாங்க?"

பதினெட்டு முகங்கள் திரும்பின. கமலம் தூணைப் பார்த்தாள். ஐந்து தடவை வந்தும் அதை அவள் பார்த்ததில்லை. பருத்த கயிறு போல நீண்ட மாலை. அதன் கீழே, தோள் வளைந்து, குட்டையாக, வரிசையாக ஆட்கள். முதல் ஆளும் தெரியவில்லை, கடைசி ஆளும் தெரியவில்லை.

"கீழே வைக்கலாம்னு யாரும் சொல்லலை போலிருக்கு" என்றாள்.

நெய்வேலிக்காரர் அதை எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவளை யாரும் விடவில்லை. புத்தர் ஏன் கண்ணை மூடியிருக்கிறார், யானை ஏன் சின்னது, சாப்பாடு எங்கே கிடைக்கும். தன் பெஞ்சுக்குப் போகலாம் என்று ஒரு தடவை நழுவிப் போய்ப் பார்த்தாள். அதில் தங்கம் மூன்று பைகளையும் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

லாஞ்சின் ஊதல் கேட்டபோது நாற்பத்தோராவது இனம் டிக் ஆகாமல் நின்றது. "அரைகுறையா விட்டா செல்லாது" என்று வேதாசலம் நகர மறுத்தார். கமலம் அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கி, எதையும் பார்க்காமல் வரிசையாக டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அவர் திருப்தியாக ஓடி வந்தார். திரும்பும் வழி முழுக்கத் தங்கம் மற்ற மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு மணிக்கு ஜம்புநாதன் கதவைத் திறந்தான். தலை படிய வாரி, முகம் தெளிவாக இருந்தது.

"நல்லா சுத்தினீங்களா? எனக்கு இன்னிக்கு ஆபீஸ்ல நிமிர நேரமில்லை" என்றான்.

"உன் பொண்டாட்டி மாதிரி வராதுடா" என்றாள் தங்கம். "அடுத்த வருஷம் சின்னவளை அனுப்பறேன், இவளோடயே போய்ப் பார்க்கட்டும்."

"தாராளமா அக்கா. இவளுக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா?"

கமலம் அவனுக்கு மீதிப் புளியோதரையைச் சூடு பண்ணிப் போட்டாள். பாவம், பசியோடு இருப்பான் என்று தோன்றியது. அவன் தட்டைத் தொடவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது, ஆபீஸ் கேன்டீனில் இன்று பலமாகப் போட்டுவிட்டார்கள் என்றான்.

காலையில் ஜம்புநாதன் போன பிறகு வேலைக்காரி எல்லம்மா வந்தாள். பதினைந்து வருடம் இந்த வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தமிழ் கற்றவள். கமலம் ஆபீஸுக்குப் பின்னல் போட்டுக்கொண்டு வந்தவள், அடுப்படியில் நேற்று குவித்துவிட்டுப் போன பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். நேற்றைய அவசரத்தில், எல்லம்மாவுக்காகச் சாவியை சாந்தாவிடம் கொடுக்க மறந்தது நினைவு வந்தது.

"நேத்து வீடு பூட்டியிருந்திருக்குமே எல்லம்மா. நீ எப்படி உள்ள வந்தே?"

எல்லம்மா துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"சார்தான் கதவு திறந்தாரு. நீங்க விருந்தாளிங்களைக் கூட்டிட்டு ஊர் சுத்தக் கிளம்பற அன்னிக்கெல்லாம், பாவம், அவர்தானேம்மா லீவு போட்டு வீட்டைக் காவல் காக்கறாரு."