பத்தரை மணிக் காட்டுமாடு

பதினோராவது நோட்டையும் மூடிவைத்தபோது ஹெப்சிபா டீச்சருக்கு வேர்த்திருந்தது. கூக்கால் மலைக்கிராமத்துக் குளிரில் வேர்க்க நியாயமே இல்லை.

கதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் மிரளும் என்று, நாளுக்கு ஒரு படியாகப் பிரித்துக் கொடுத்தவள் அவள்தான். திங்கள் ஒரு ஆள், செவ்வாய் அவருக்கு ஒரு சிக்கல், புதன் சிக்கல் முற்ற வேண்டும், வியாழன் முடிவு. ஆள் மட்டும் நிஜமாக இருந்தவராக இருக்கட்டும், தெரியாவிட்டால் பெரியவர்களைக் கேளுங்கள் என்று வாய் சும்மா இராமல் சொல்லியும் வைத்தாள். பதினோரு பிள்ளைகளும் பேசிவைத்தது போல ஒரே ஆளைப் பிடித்திருந்தன: தினமும் பத்தரைக்குப் பள்ளிக்கூடம் வரும் வாத்தியார்.

கொடைக்கானலிலிருந்து அவள் வரும் பஸ் கூக்காலை எட்டுவதே பத்தரைக்குத்தான். முந்தின பஸ்ஸுக்கு விடியுமுன் எழ வேண்டும். அந்த வரத்தைக் கர்த்தர் அவளுக்குக் கொடுக்கவில்லை. ஒரே டீச்சர் உள்ள பள்ளி என்பதால் சங்கதி இதுவரை மேலே போகவில்லை. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி நாச்சிமுத்து வருகிறார், இந்தக் கதைகளைப் படிக்கத்தான். படித்தால் வேலைக்கே உலை.

"வாத்தியார் வேண்டாம். வேற ஆளா மாத்துங்க," என்றாள்.

மறுநாள் வாத்தியார் பூண்டு லாரி டிரைவராகியிருந்தார். பத்தரைக்கு வந்தார், வந்ததும் மேசையில் தலைவைத்துத் தூங்கினார். லாரிக்குள் மேசை ஏது? போன மாதம் தலைவலி என்று ஒரே ஒருநாள் கண்ணயர்ந்தாள். அதையுமா பார்த்துத் தொலைத்தார்கள்! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

"மனுசனே வேண்டாம். மிருகமா எழுதுங்க."

புதன்கிழமை ஒரு காட்டுமாடு பத்தரைக்கு வந்தது. பள்ளி மணியடிக்கும் கம்பியை அது ஒளித்துவைத்திருந்தது, தான் வருமுன் யாரும் அடித்துவிடக் கூடாதென்று. தான் வந்தபிறகு மணியடித்தால் போதும் என்று, மணியடிக்கும் மாணவி ஸ்வேதாவிடம் ஹெப்சிபாவும் சொல்லிவைத்திருந்தாள்.

"ஸ்வேதா, அந்த மாட்ட ஒம்பது மணிக்கே வர வையேன் கண்ணு."

"அப்புறம் மூணாவது படி எப்படிங்க டீச்சர் வரும்? சிக்கல் முத்தணும்னு நீங்கதான சொன்னீங்க?"

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் ஹெப்சிபா பள்ளியில் நின்றாள். ராத்திரி தூங்கினால்தானே எழுந்திருக்கும் பிரச்சினை. அதிகாரி பதினொன்றரைக்கு ஜீப்பில் வந்து இறங்கி, பாதையெல்லாம் பனிமூட்டம் என்று அலுத்துக்கொண்டார்.

முதல் நோட்டைச் சிரித்தபடி படித்தார். இரண்டாவதில் சிரிப்பைக் காணோம். மூன்றாவதில் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மிச்ச நோட்டுகளைத் திறக்காமலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"டீச்சர், இத இதுகளுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?" குரல் மிகவும் தணிந்திருந்தது.

இனி மறைத்துப் பயனில்லை, ஒப்புக்கொண்டு காலில் விழுந்துவிடலாம் என்று ஹெப்சிபா வாயைத் திறந்தாள். "சார், அந்த பஸ்ஸு வந்து..."

அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்தாள் சத்துணவுச் சமையல்கார சின்னத்தாயி. இருபத்தைந்து வருடமாக இதே பள்ளியில் சமைப்பவள். டம்ளரை அதிகாரி முன் வைத்தாள்.

"நாந்தேன் சார் சொன்னேன். பிள்ளைக வந்து கேட்டுச்சுக. நீங்க இங்க பத்தரைக்கு வர்ற வாத்தியாரா இருந்தப்ப, மணிக்கம்பிய எங்கிட்டதான ஒளிச்சுவைக்கக் குடுத்துட்டுப் போவீங்க?"